பெயர் வெட்டிய டிஸ்க்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். நமக்கு வயதாகிவிட்டது. நாற்பது இன்னும் எட்டவில்லை என்றெல்லாம் சமாதானம் சொல்லாதீர்கள். போன மாதம் மகளுக்காகப் புது கேம் மெஷின் ஒன்று வாங்கி வந்து, டிஸ்க் போடும் இடத்தைத் தேடி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். குப்புறப் போட்டும் பார்த்தேன். "டிஸ்க்னா என்னப்பா?" என்றாள் மகள். அதற்கு மேல் இளமையைப் பற்றிப் பேச நமக்கு வாய் ஏது?

இப்போது எல்லாமே கண்ணுக்குத் தெரியாமல் வந்து இறங்குகிறது. விளையாட்டுக்கு ஒரு விலை. அதில் வரும் ஆளுக்கு நல்ல சட்டை வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. இன்னும் ஒரு தெரு அதிகம் நடக்க வேண்டுமென்றால் அதற்கும் தனி விலை. திட்டிக்கொண்டே வாங்குகிறோம். டிஸ்க் காலம்தான் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கீறல் விழுந்த டிஸ்க்கில் பற்பசை தேய்த்துப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள், அந்தப் பொற்காலத்தின் லட்சணம் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு டிஸ்க்கைப் பற்றி. எட்டாம் வகுப்பு படித்தபோது வந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றி.

கிழக்குத் தாம்பரத்தில், மழை பெய்தால் தெரு எது கால்வாய் எது என்று தெரியாத ஒரு காலனியில் எங்கள் வீடு. நான் படித்த பள்ளியின் ஆபீஸிலேயே அப்பா கிளார்க். அம்மா வேறொரு பள்ளியில் டீச்சர், மாலையில் வீட்டு வராந்தாவில் டியூஷன். நான் ஒரே பிள்ளை. துபாயிலிருந்து வந்த பெரியப்பா ஒரு கேம் மெஷினையும் ஒரே ஒரு டிஸ்க்கையும் கொடுத்துவிட்டுப் போனார். பாதி மூழ்கிய ஒரு துறைமுக ஊர், அதைக் காக்கும் இரண்டு சிப்பாய்கள். அதுதான் விளையாட்டு.

இரண்டாவது சிப்பாய் எதிர் வீட்டுப் பையன், பள்ளியிலும் என் வகுப்புதான். பெயர் வேண்டாம், நண்பன் என்றே வைத்துக்கொள்வோம். மாலையில் அச்சு முறுக்கு தின்ற கையோடு வந்து உட்காருவான். அவனுடைய கண்ட்ரோலரில் எப்போதும் எண்ணெய் வாசனை அடிக்கும். இடது பக்கக் குமிழின் ரப்பர் அவன் விரல் பட்டுப் பட்டே வழவழப்பாகிவிட்டது. தரையில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து ஆடுவோம். அவன் செத்தால் என்னைத் திட்டுவான், நான் செத்தாலும் என்னைத்தான் திட்டுவான். எனக்கு வேறு நண்பர்கள் கிடையாது. வேண்டுமென்று தோன்றியதும் இல்லை.

நான் எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த மே மாதம் அவர்கள் குடும்பம் மேடவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனது. அவன் அப்பாவுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் வேலை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எட்டாம் வகுப்புக்காரனுக்கு அது வெளிநாடு. அவனுக்கு வேறு பள்ளி, வேறு யூனிஃபார்ம். ஆனால் அவன் அப்பா அவனுக்கும் அதே மெஷினும் அதே விளையாட்டின் டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அம்மாவின் சிபாரிசில் பிராட்பேண்ட் வந்தது. தினமும் ஆறிலிருந்து ஏழு வரை, மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டிலிருந்தே ஆடினோம்.

ஆடியதைவிடப் பேசியதுதான் அதிகம். "எங்க ஃப்ளாட்டுக்கு இன்னிக்கும் தண்ணி லாரி வரலடா. எங்கம்மா செகரட்டரிகூட சண்டை போட்டுட்டு இருக்காங்க, சத்தம் கேக்குதா?" என்பான். கேட்கும். அவன் வீட்டு குக்கர் விசில்கூட என் காதில் கேட்கும். பள்ளியில் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது.

ஆயுத பூஜை விடுமுறையில் அவன் சொன்னான்: "மச்சி, நம்ம கேமுக்குப் புது மேப் வந்துருக்கு. மலை மேல ஒரு கோட்டை. செமயா இருக்குடா. எங்கப்பா கார்டுல வாங்கிக் குடுத்தாரு, அப்படியே டவுன்லோட் ஆயிடுச்சு."

அவன் ஃப்ளாட்டிலேயே இன்னும் இரண்டு பையன்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களிடமும் கோட்டை இருந்தது. நெட்டில் ஆடினால் நாலு சிப்பாய்கள் வரை வரலாம், நாலு பேரும் சேர்ந்து துறைமுகத்தில் ஆடுவோம். பிறகு அவர்களில் ஒருவன் கோட்டையைத் தேர்ந்தெடுப்பான். உடனே என் திரையில் மட்டும் ஒரு பெட்டி வரும். இந்தப் பகுதி உங்களிடம் இல்லை, கடைக்குச் செல்ல விருப்பமா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்கும். அவ்வளவுதான், விளையாட்டு என்னை வெளியே தள்ளிவிடும். நண்பன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகும். மறுபடி குக்கர் விசில் கேட்டால் அது எங்கள் வீட்டு குக்கர்.

அவன் கெட்டவன் இல்லை. எனக்காக முதலில் அரை மணி நேரம் துறைமுகத்தில் ஆடினான். அது கால் மணி ஆனது. "நாளைக்கு பழசுல ஆடலாம்டா, ப்ராமிஸ்" என்றான். திரையின் ஓரத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும், இப்போது ஆடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். நான் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே மழை பெய்யும். வராந்தாவில் அம்மாவின் டியூஷன் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள்.

அப்பாவிடம் கேட்டேன். என் அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். எங்கள் காலனியில் அது இல்லாமல் பிழைக்க முடியாது. கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு கல்கல்லும் கேக்கும் பத்து வீட்டுக்குப் போகும், தீபாவளிக்கு அந்தப் பத்து வீட்டு அதிரசம் எங்களுக்கு வரும். டப்பாக்கள் வீடு மாறாமல் திரும்புவது பெயரால்தான். ஆனால் அப்பா டப்பாவோடு நிற்கவில்லை. குக்கர் மூடி, டார்ச் லைட், குடைக் கம்பி, சைக்கிள் மட்கார்டு என்று வீட்டில் உலோகமாக இருந்த எல்லாவற்றிலும் பெயர் வெட்டி வைத்திருந்தார். பேர் வெட்டியாச்சு என்றால்தான் அவருக்கு ஒரு பொருள் வாங்கி முடிந்த மாதிரி.

"அத வாங்கினா கையில என்ன குடுப்பாங்க?" என்றார்.

"கையில ஒண்ணும் குடுக்க மாட்டாங்கப்பா. மெஷினுக்குள்ள வந்துடும்."

"மெஷின் ரிப்பேர் ஆச்சுன்னா?"

"தெரியலப்பா."

"உன் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ரெண்டு நாள் இரவல் குடுக்கலாமா?"

"முடியாதுப்பா."

"ஆடி முடிச்சப்புறம் பாதி விலைக்காவது குடுக்க முடியுமா?"

"முடியாது."

"அப்போ அது யாருதுடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது, தெரியாமலேயே மகளுக்குச் சட்டையும் தொப்பியும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பதில். "அவங்கப்பா வாங்கிக் குடுத்தாரே" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். கஞ்சன் என்று மனதுக்குள் திட்டினேன். அவரிடம் அந்த மாதிரி வாங்கும் கார்டே கிடையாது என்பதும், ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவே அம்மாவைத் துணைக்குக் கூட்டிப்போகிற மனிதர் அதை மகனிடம் சொல்ல வெட்கப்பட்டார் என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆனால் அவர் விட்டுவிடவில்லை. ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போனார். ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி, சண்முகம் ரோடு கடைகளுக்கு நடுவே மாடிப்படிக்குக் கீழே ஒரு கேம் கடை. நனைந்த குடையைச் சுருக்கிக்கொண்டு அப்பா கேட்டார்: "இந்த கேம்ல மலைக்கோட்டைன்னு ஏதோ புதுசா வந்திருக்காமே, அது டிஸ்க்கா கிடைக்குமா?"

அங்கே நின்றிருந்த கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைக்கார அண்ணா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு சார் டென்சன் ஆவுற? பழைய கேமு, புது மேப்பு, அல்லாத்தையும் ஒரே டிஸ்க்குல போட்டு வுடப் போறானுங்க. டிசம்பருல வந்துரும். சொல்லி வெச்சுட்டுப் போ சார், வந்தா உனுக்குதான் மொதல்ல."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பாலத்தின் மேல் நின்று, "பார்த்தியா? கொஞ்சம் பொறுத்தா பொருளாவே கையில வருது" என்றார். தனக்குப் பெரிய நியாயம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. எனக்கும் சந்தோஷம்தான். அம்மாவின் போனிலிருந்து நண்பனுக்கு மெசேஜ் அனுப்பினேன், கிறிஸ்மஸுக்கு எனக்கும் கோட்டை வருகிறது என்று. 'சூப்பர் மச்சி, வெயிட்டிங்' என்று பதில் வந்தது. அவனிடமிருந்து எனக்கு வந்த கடைசி மெசேஜ் அது.

நவம்பர் முழுக்க மழை. சாக்ஸை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் காயவைத்துப் பாதி ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவேன். வீடெல்லாம் கொசுவத்திப் புகை. நண்பனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிவது குறைந்தது. டிசம்பரில் சுத்தமாகக் காணோம். அரையாண்டுப் பரீட்சையாக இருக்கும், கோட்டையோடு போனால் கூப்பிட்டுக்கொள்வான் என்று நாட்களை எண்ணினேன்.

கிறிஸ்மஸ் காலை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா பீரோவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பளபளத்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மலைக்கோட்டை படம் போட்ட பெட்டி! கையில் கனமாக இருந்தது, அந்தக் கனம் இன்னும் ஞாபகமிருக்கிறது. திறந்து டிஸ்க்கை எடுத்தேன். படம் இருந்த பக்கம் அழகாக இருந்தது. திருப்பினேன்.

பளபளப்பான பக்கத்தில், புள்ளி புள்ளியாக, முத்து முத்தான எழுத்தில் என் பெயர். அதற்குக் கீழே அப்பாவின் பெயர். அதற்கும் கீழே, இடம் மிச்சமிருந்ததால், கி. தாம்பரம்.

"பாத்திரக் கடையில வெட்டறவரு படம் போட்ட பக்கம்தான் வெட்டலாம்னாரு" என்றார் அப்பா, பெருமையாக. "நான்தான் வேணாம்னேன். படத்து மேல வெட்டினா பேரும் தெரியாது, படமும் கெட்டுடும். இந்தப் பக்கம் ஸ்டீல் மாதிரி சும்மாதானே இருக்கு? இனிமே இத நீ யாருக்கு வேணா இரவல் குடு. தொலையாது."

மெஷின் படிக்கிற பக்கமே அதுதான். இருந்தாலும் போட்டேன். அது டிஸ்க்கை உள்ளே இழுத்து, சுற்றி, இருமி, நின்றது. மறுபடி சுற்றியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணாடியை ஆராதனைக்குப் போட்டிருந்த சட்டைப் பையிலேயே விட்டிருந்தார்.

"என்ன சொல்லுது?"

"லோட் ஆகுதுப்பா. டைம் ஆகும்."

"ஆகட்டும் ஆகட்டும். ரெண்டு மாசம் காத்தாச்சு" என்று சிரித்தார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கோட்டை போனதற்காக அழுதேனா, அவர் சிரிப்புக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் போய் இன்னொன்று வாங்கிக்கூட வந்திருப்பார். ஆனால் ஏன் இன்னொன்று என்பதைச் சொல்ல வேண்டுமே. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

நண்பனிடமும் சொல்லவில்லை. கோட்டை வருகிறது என்று பீற்றிக்கொண்டவன், அப்பா டிஸ்க்கில் பாத்திரம் மாதிரிப் பெயர் வெட்டிவிட்டார் என்று எப்படிச் சொல்வது? அந்த இரண்டு புதுப் பையன்களும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நான் மட்டும் பழைய துறைமுகத்தில் தனியாகச் சுற்றுவது அவன் திரையில் தெரியக்கூடாது என்று நெட் ஒயரையே பிடுங்கி வைத்தேன்.

மறுநாள் மாலை அப்பா ஹாலிலிருந்து கேட்டார்: "உன் ஃப்ரெண்டு வந்தானா? கோட்டையில ஆடினீங்களா?"

"ஆடினோம்பா."

அதற்கு அடுத்த நாள் கதவுக்கு வெளியிலிருந்து, "என்னடா சத்தத்தையே காணோம்? சண்டையா?" என்றார்.

அன்றைக்குத்தான் நான் பேச ஆரம்பித்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, பழைய டிஸ்க்கைப் போட்டுத் தனியாக ஆடியபடி நண்பனோடு பேசினேன். "டேய், இடது பக்கம் வா. அந்தச் சுவருக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான்" என்பேன். அவன் பதில் சொல்லும் அளவுக்கு இடைவெளி விடுவேன். முதல் இரண்டு நாள் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. தண்ணி லாரி வந்ததா என்று விசாரித்தேன். அவனோடு சண்டை போட்டேன், சமாதானமானேன், அவன் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தேன். ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயரும். அப்பா அண்டை வீட்டு சாரிடம், "பையன் மேடவாக்கத்துல இருக்கறவன்கூட இங்கிருந்தே ஆடறான் சார்" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். பொங்கல் போனது, பள்ளி திறந்தது. நான் தினமும் ஆறிலிருந்து ஏழு வரை பேசிக்கொண்டே இருந்தேன். சில நாள் எனக்கே அது போதும் போலிருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அப்பா இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்மஸுக்கு அம்மா கல்கல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எதையோ பேசிக்கொண்டிருந்தவள், காய்கறி விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த வருஷம் பொங்கல் கழிச்சு, உன் ஃப்ரெண்டோட அப்பா உங்க ஸ்கூல் ஆபீஸுக்கு, அவனோட ஏதோ பழைய சர்டிஃபிகேட்டுக்காக வந்தாராம். புனேக்கு மாத்தல்னு. பையன் விளையாடிட்டே இருக்கான், மார்க் போகுதுன்னு டிசம்பர் மொத வாரமே அந்த மெஷின வித்துட்டேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்காரு. அப்பா வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்றாரு, நீ உள்ள அவன்கூடப் பேசிட்டு இருக்க."

நான் மாவுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ரொம்ப நேரம் கதவுகிட்டயே நின்னு கேட்டுட்டு இருந்தாரு. நான் போயி என்னன்னு கேக்கட்டுமான்னேன். வேணாம், நீ எதுவும் கேக்காதன்னுட்டாரு. அப்புறம்தான் உள்ள போனாரு."

அப்படியானால் கிறிஸ்மஸ் காலையில் நான் அழுதபோது கோட்டையில் அவனும் இல்லை. டிஸ்க் ஓடியிருந்தாலும் எனக்காக அங்கே யாரும் காத்திருக்கவில்லை. டிஸ்க் விஷயம் அப்பாவுக்குத் தெரியுமா என்று அம்மாவிடம் கேட்கத் துணியவில்லை. ஆனால் அவர் உள்ளே வந்த அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அப்போது வேறு அர்த்தம் வைத்திருந்தேன், தொந்தரவு என்று.

ஆபீஸ் சட்டையைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கையை ஊன்றி மெதுவாகத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது. வாழ்க்கையில் அதற்கு முன் அவர் அந்த அறையில் தரையில் உட்கார்ந்ததில்லை. சும்மா கிடந்த இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்து, உடையும் சாமானைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதுல எனக்கும் ஒரு ஆள் உண்டாடா? நானும் ஆடறேனே. சொல்லிக் குடேன்" என்றார்.

பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், திரையில் இருப்பது பழைய துறைமுகம், கோட்டை இல்லை, நண்பனும் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். இவ்வளவு நாள் கட்டிக் காத்தது எல்லாம் போய்விடும்.

"ரெண்டு பேருதான்பா ஆட முடியும். நானும் அவனும். உங்களுக்கு இடம் இல்லப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். திரையில் என் சிப்பாய் மட்டும் தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான்.

"அப்படியா. சரி, சரி" என்றார். கண்ட்ரோலரை இருந்த இடத்திலேயே வைத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவருகே போய் நின்று திரும்பினார்.

"அவன நான் கேட்டேன்னு சொல்லு."

நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "டேய், எங்கப்பா உன்னக் கேட்டேன்னு சொல்லச் சொன்னாருடா" என்றேன். ஒரு பதிலுக்கு ஆகும் நேரம் காத்திருந்தேன். பிறகு அப்பாவைப் பார்த்து, "அவனும் உங்களக் கேட்டான்பா" என்றேன்.

"நல்ல பையன்" என்றார் அப்பா. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.